உம்மாவுக்காக வாங்கிய டீசல் சொகுசுக் கார்: கீழக்கரையில் மூன்று ஆண்டுகள்

2022 ஜனவரியில், ஏறக்குறைய ஏழாண்டுகள் ஓடிய ஒரு ஜெர்மானிய டீசல் சொகுசுக் காரை 17,25,000 ரூபாய் கொடுத்து வாங்கிக் கீழக்கரைக்குக் கொண்டுவந்தேன். அப்படிப்பட்ட காரை எங்கள் கடற்கரையில் வைத்து ஓட்டுவது எப்படியிருக்கும் என்று கேட்டறிய எனக்கு ஆள் கிடைக்கவில்லை. விற்றவர் சொன்னதையும், நானே ஓட்டிப் பார்த்த அரைமணி நேரத்தையும் மட்டும் நம்பினேன். பிறகு வந்த செலவுகளையும், உம்மாவை ஏற்றிக்கொண்டு வழியில் நின்றுபோன ஒரு காலைப் பொழுதையும் நினைக்கும்போதெல்லாம், யாராவது ஒருவர் முன்கூட்டியே நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் பாதித் துன்பம் தவிர்ந்திருக்கும் என்று தோன்றும். தேவிபட்டினம் முதல் சாயல்குடி வரை இன்று எத்தனையோ வீடுகளில் இப்படியொரு கார் வாங்கும் எண்ணம் இருக்கிறது என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு 2021இல் ஊர் திரும்பினேன். அதே ஆண்டு உம்மாவுக்கு மதுரையில் இடுப்புத் தண்டுவடத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு மருத்துவரைப் பார்க்க அடிக்கடி மதுரை செல்ல வேண்டியிருந்தது. கீழக்கரையிலிருந்து மதுரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வாடகைக்கு எடுத்த உயரமான வண்டிகளில் பின்னிருக்கையில் அமர்ந்து சென்ற உம்மா, ஒவ்வொரு வேகத்தடையிலும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வதை நான் முன்னிருக்கையின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருவேன். ஷார்ஜாவில் என் முதலாளியின் பெட்ரோல் சொகுசுக் காரை ஓட்டிய பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் காரின் பின்னிருக்கையில் உம்மாவை ஒருநாள் உட்கார வைக்க வேண்டும் என்ற ஆசைதான் இதற்கெல்லாம் தொடக்கம். பெட்ரோலில் அத்தகைய கார் இங்கே லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான் தரும் என்று கணக்குப் போட்டு, டீசல் என்று முடிவு செய்தேன். டீசல் எஞ்சினுக்கென்று தனியான நடைமுறைகள் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சென்னையில் ஒரு புரோக்கர் மூலம் மூன்று கார்கள் பார்த்தேன். அவற்றுள் ஒன்று டெல்லிப் பதிவு. மற்றவற்றைவிட நான்கு லட்சம் குறைவு. டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் கார்களை ஓட்டக் கூடாது என்ற தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருந்ததால், அந்த வயதை நெருங்கும் நல்ல கார்கள் மலிவாகத் தெற்கே வந்துகொண்டிருந்தன. விலை மலிவாகத் தெரிந்தாலும், அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, ஆயுட்கால வரியையும் கட்டி முடிக்கும்போது அந்த நான்கு லட்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதால் அதை விட்டுவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நல்ல அறிவுரை கிடைத்தது. தமிழ்நாட்டுப் பதிவுள்ள காரை எடுத்தேன், 62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, ஒரே உரிமையாளர். அவர் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த அலுவலகத்துக்குச் சென்று வருவதற்கு மட்டுமே காரைப் பயன்படுத்தினார் என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னார். நானும் அதை நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டேன். டீசல் காருக்கு அதைவிடக் கெட்ட செய்தி இருக்க முடியாது என்பதை ஒன்பது மாதம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

ஓட்டிப் பார்த்தது பழைய மகாபலிபுரம் சாலையில், இரவு பத்து மணிக்கு மேல். சாலை கண்ணாடிபோல் இருந்தது. ஓட்டியதும் நான், பக்கத்தில் இருந்தவர் புரோக்கர். பின்னிருக்கையில் யாரும் உட்காரவில்லை. யாருக்காகக் காரை வாங்குகிறோமோ அவரை அந்த இருக்கையில் உட்கார வைக்காமலும், அது தினமும் ஓடப்போகும் சாலையைப் போன்ற ஒரு சாலையில் ஓட்டாமலும் முன்பணம் கொடுத்ததுதான் நான் செய்த முதல் தவறு.

இருந்தாலும், அந்தக் காரை ஊருக்கு ஓட்டிவந்த பயணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் திருகுவிசை. இந்தக் கடைசி எண்தான் டீசல் காரின் உயிர். பெட்ரோல் எஞ்சினில் வேகம் எடுக்க வேண்டுமானால் எஞ்சின் சுற்றை மேலே ஏற்ற வேண்டும். அது சத்தம் போடும். இந்தக் காரிலோ நிமிடத்துக்கு 1,700, 1,800 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடுகிறது. முன்னால் செல்லும் லாரியைத் தாண்ட நினைத்துக் காலைச் சற்று அழுத்தினால், ஒரு கணம் யோசித்துவிட்டு, முதுகை இருக்கையோடு சேர்த்து யாரோ மெதுவாகத் தள்ளுவதுபோல் நகர்கிறது. அந்த ஒரு கணத் தாமதம், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவினால் வருவது. அதை அறிந்து ஓட்ட வேண்டும், குறிப்பாகப் பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையிலான இருவழிச் சாலையில் எதிரே பேருந்து வரும்போது. எட்டுக் கியர்கள் கொண்ட தானியங்கி கியர்ப்பெட்டி. 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 1,500 சுற்றை ஒட்டித்தான் ஓடுகிறது. அந்த நிலையில் காருக்குள் கேட்பது டயர் ஓசையும் காற்றோசையும் மட்டுமே. காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போதும், சிக்னலில் நிற்கும்போதும் டீசலுக்கே உரிய கடகடப்பு வெளியே நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும். உள்ளே இருப்பவருக்குக் காலடியில் ஒரு மெல்லிய அதிர்வாக மட்டும் தெரியும். திருச்சி, மதுரை வழியாக வந்த அந்தப் பயணத்தில் லிட்டருக்கு 17 கிலோமீட்டருக்கு மேல் கிடைத்தது. டீசல் அப்போது லிட்டர் 91 ரூபாய் சொச்சம். ஊருக்குள் ஓட்டியபோது அதே கார் பத்துக்கு மேல் தரவில்லை.

பிப்ரவரியில் உம்மாவை முதன்முதலாக ஏற்றிக்கொண்டு மதுரை சென்றேன். ஏறுவதே பெரும்பாடாக இருந்தது. சொகுசுக் கார்களில் இருக்கை தாழ்வாக இருக்கும்; கூரையும் பின்பக்கம் சரிந்து இறங்கும். முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட எழுபது வயதுப் பெண், தலையைக் குனிந்து, முழங்காலை மடக்கி, ஏறத்தாழத் தரையை நோக்கி உட்கார வேண்டியிருந்தது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முகத்தில் வலி தெரிந்தது. பிறகு பிசியோதெரபி சொல்லிக்கொடுத்தவரிடம் கேட்டு ஒரு வழி கண்டோம். முதலில் காருக்கு முதுகைக் காட்டி நின்று, இருக்கையின் ஓரத்தில் பக்கவாட்டாக அமர்ந்து, அதன் பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இருக்கையின் மேல் இரண்டு அங்குல உயரமுள்ள கெட்டியான மெத்தையைப் போட்டு, அதன் மேல் வழுக்கும் பட்டுத்துணி ஒன்றை விரித்தால், திரும்புவது எளிதாகிறது. வீட்டு வாசலில் படிக்கட்டு ஒட்டிக் காரை நிறுத்தினால் உயரம் சமமாகிவிடும் என்று முதலில் நினைத்தோம், அது தவறு. படியிலிருந்து தாழ்ந்த இருக்கைக்கு இறங்குவது இன்னும் கடினம். சமதரையில் நிறுத்துவதே நல்லது.

அமர்ந்த பிறகு நிலைமை வேறாக இருந்தது. பரமக்குடி தாண்டி நான்குவழிச் சாலை தொடங்கியதும் உம்மா உறங்கிவிட்டார். மானாமதுரை, திருப்பாச்சேத்தி, திருப்புவனம் எல்லாம் கடந்து சிலைமான் வந்துதான் கண்விழித்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு வண்டியில் அவர் உறங்கியது அதுவே முதல் முறை. “வந்துட்டோமா வாப்பா?” என்று அவர் கேட்டபோது, கொடுத்த பணம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் திரும்பக் கிடைத்ததாக உணர்ந்தேன். நீண்ட சக்கர இடைவெளி, ஏறத்தாழ 1.7 டன் எடை, பாரத்துக்கு ஏற்பத் தானே மட்டத்தைச் சரிசெய்துகொள்ளும் பின்புறக் காற்றுப் பைகள், தொடைக்கு முழு ஆதரவு தரும் இருக்கை ஆகிய எல்லாம் சேர்ந்து, நல்ல சாலையில் உடலுக்கு அதிர்வே தெரியாதபடி செய்துவிடுகின்றன. ஆனால் திருப்புல்லாணிக்கும் கீழக்கரைக்கும் இடையில், ஒட்டுப்போட்ட சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, சின்னப் பள்ளமும் கூர்மையான அடியாக இடுப்பில் இறங்கியது. இவ்வளவு விலையுள்ள கார் சிறு பள்ளத்துக்கு ஏன் இப்படி இடிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. விடை தெரிய ஓராண்டு ஆயிற்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்குப் பின் மாதங்கள் ஓடின. உம்மாவின் மதுரைப் பயணம் மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. நான் காரைத் தினமும் கடைத்தெருவுக்கும், வாரத்தில் மூன்று நாள் ராமநாதபுரத்துக்கும், உறவினர் வீடுகளுக்கு ஏர்வாடி, பெரியபட்டினம் என்றும் எடுத்துச் சென்றேன். எதுவும் இருபது கிலோமீட்டரைத் தாண்டாது. ஜூன் மாதத்தில், காரை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் முன்புற மின்விசிறி பலமாக ஓடிக்கொண்டிருப்பதைச் சில நாட்கள் கவனித்தேன். நிற்கும்போது எஞ்சின் சுற்று வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. சூடான இரும்பு வாடை வந்தது. வெயில் காலம் என்று விட்டுவிட்டேன். ஆகஸ்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து, இரண்டு நாளில் அணைந்தது. மீண்டும் எரிந்தது. ஊரில் இருந்த மெக்கானிக் சென்சார் கோளாறாக இருக்கும் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காரைப் படிக்கும் ஸ்கேன் கருவி அவரிடம் இல்லை.

செப்டம்பரில் ஒருநாள், காலை பத்து மணிக்கு மருத்துவர் நேரம் கொடுத்திருந்ததால், சுபுஹுத் தொழுகை முடிந்ததும் உம்மாவோடு புறப்பட்டேன். சத்திரக்குடியை நெருங்கும்போது காரின் இழுவை சட்டென்று விழுந்தது. எவ்வளவு அழுத்தினாலும் 50 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. சிவப்பு விளக்கு எரிந்து, எஞ்சினை நிறுத்தும்படி எழுத்து வந்தது. இருபுறமும் சீமைக் கருவேலம். பின்னால் வரும் லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டு விலகிப் போயின. மெதுவாக ஊர்ந்து ஒரு தேநீர்க்கடை முன் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்ததும் குளிர்ச்சியும் போய்விட்டது. கடைக்கார அம்மா தம் வீட்டுக் கட்டிலை வெளியே எடுத்துப் போட்டு உம்மாவைப் படுக்க வைத்தார். காரை ஏற்றிச்செல்லும் ரெக்கவரி வண்டி மதுரையிலிருந்து வந்துசேர நான்கு மணி நேரம் ஆயிற்று. மருத்துவரைப் பார்க்க முடியவில்லை. வலியோடு படுத்திருந்த உம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “காருக்குத்தானே வாப்பா, நமக்கு ஒண்ணும் ஆகலையே” என்று எனக்கு ஆறுதல் சொன்னதை நான் மறக்கவே முடியாது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வழியில் சென்ற டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்துச் செல்ல முன்வந்தார். தானியங்கி கியர்ப்பெட்டியுள்ள காரை, எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால், எஞ்சின் ஓடாத நிலையில் கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் சுழலாது; உள்பாகங்கள் கெட்டுவிடும். நான்கு சக்கரமும் தரையில் படாமல் மேலே ஏற்றிச் செல்லும் வண்டியைத்தான் அழைக்க வேண்டும். எனக்கு 18,000 ரூபாய் ஆயிற்று. காப்பீட்டில் சாலையோர உதவி என்ற கூடுதல் பிரிவைச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நான் விட்டிருந்தேன்.

மதுரையில் முதலில் கொண்டுபோன பெரிய சர்வீஸ் நிலையத்தில், புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொண்டது, புதிதாக மாற்ற 2,85,000 ரூபாய் ஆகும் என்றார்கள். என் கைகள் நடுங்கின. தெரிந்தவர் ஒருவர் வழியாக, இத்தகைய கார்களிலேயே பழகிய தனி மெக்கானிக் ஒருவரிடம் காரை மாற்றினேன். அவர் ஸ்கேன் செய்து பார்த்த பிறகு எண்ணெய் அளவுக் கம்பியை வெளியே எடுத்துக் காட்டினார். எஞ்சின் எண்ணெய் குறையவில்லை, கூடியிருந்தது. முகர்ந்தால் டீசல் வாடை அடித்தது. “பாய், இந்த வண்டிய ஊருக்குள்ளயே ஓட்டுனா டிபிஎஃப் தாங்காது. இது ரோட்டுல ஓடணும்” என்றார். பிறகு அவர் பொறுமையாக விளக்கியதை என் வார்த்தைகளில் சொல்கிறேன், ஏனென்றால் டீசல் கார் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

டீசல் எரியும்போது வரும் நுண்ணிய கரியை வெளியே விடாமல், புகைக்குழாயில் உள்ள வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது. மெக்கானிக்குகள் இதை டிபிஎஃப் என்கிறார்கள். கரி ஓரளவு சேர்ந்ததும் கார் தானாகவே அதை எரித்துச் சுத்தம் செய்கிறது. அதற்கு வடிகட்டியின் வெப்பம் 600 டிகிரி அளவுக்கு உயர வேண்டும். அந்த வெப்பத்தை உண்டாக்க எஞ்சின் வழக்கமான அளவுக்கு மேல் கொஞ்சம் டீசலைக் கடைசி நேரத்தில் பீய்ச்சுகிறது. இது முடிய, சூடான எஞ்சினோடு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சீரான வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் கார் ஓட வேண்டும். நான் பார்த்த மின்விசிறி, கூடிய சுற்று, சூட்டு வாடை எல்லாம் அந்த எரிப்பு நடந்துகொண்டிருந்ததற்கான அடையாளங்கள். ஒவ்வொரு முறையும் பாதியில் கடை வாசலில் எஞ்சினை அணைத்தேன். எரியாமல் தங்கிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எண்ணெயில் கலந்து, அதை நீர்த்துப்போகச் செய்தது. கரி ஒரு வரம்பைத் தாண்டியதும், தீவிபத்து நேராதிருக்கக் காரின் கணினி தானாக எரிப்பதையே நிறுத்திவிட்டு, எஞ்சினின் இழுவையையும் குறைத்துவிட்டது. முந்தைய உரிமையாளரின் ஆறு கிலோமீட்டர் அலுவலகப் பயணம் என்ன செய்திருந்ததோ அதையே நானும் தொடர்ந்து செய்திருக்கிறேன். டீசலின் தரத்தையும் குறை சொல்ல வழியில்லை. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 டீசல்தான் கிடைக்கிறது, அதில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. தவறு முழுவதும் பயன்பாட்டில்தான்.

வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய 38,000, எண்ணெயும் அதன் ஃபில்டரும் மாற்ற 14,400, அழுத்த சென்சாருக்கு 9,000, ஆக 61,400 ரூபாயில் கார் எழுந்து ஓடியது. பன்னிரண்டு நாட்கள் ஆயின. வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றிவிட்டால் இனித் தொல்லையே வராது என்று வேறொருவர் சொன்னார், செலவும் குறைவு. அது சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் தெருவில் எதிரெதிர் வீட்டுத் திண்ணைகளுக்கு இடையே கார் நுழைவதே கடினம். அந்தக் கரியைப் பிள்ளைகள் விளையாடும் தெருவில் கொட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அன்று முதல் பத்து நாளைக்கு ஒருமுறையாவது காரைச் சாலைக்குக் கொண்டுபோகிறேன். டேங்க்கில் கால்பங்குக்குக் குறையாமல் டீசல் வைத்துக்கொள்கிறேன், ஏனெனில் எரிபொருள் விளக்கு எரியும் நிலையில் பல கார்கள் இந்தச் சுத்திகரிப்பைத் தொடங்குவதே இல்லை. மாதம் ஒருமுறை எண்ணெய்க் கம்பியை எடுத்துப் பார்க்கிறேன். எண்ணெய் மாற்றும்போது வடிகட்டியுள்ள டீசல் எஞ்சினுக்கென்றே செய்யப்பட்ட, சாம்பல் குறைந்த வகையைத்தான் ஊற்றச் சொல்கிறேன். கரி எரிந்துவிடும், எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

இடுப்பில் இறங்கிய அந்த அடிக்குக் காரணம் டயர். காற்றுப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர்கள் காரோடு வந்திருந்தன. காற்றில்லாமலே காரைத் தாங்க வேண்டியிருப்பதால் அவற்றின் பக்கச்சுவர் மிகவும் கெட்டியாக இருக்கும். பள்ளத்தில் அது வளையாமல், அடியை அப்படியே மேலே அனுப்பும். 2023 பிப்ரவரியில் அதே அளவில் சாதாரண டயர்கள் நான்கைப் போட்டேன், 64,000 ரூபாய். மாற்றத்தைப் பாம்பன் சாலைப்பாலத்தில்தான் தெளிவாக உணர்ந்தேன். 1988இல் திறக்கப்பட்ட, இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பையும் கடக்கும்போது முன்பு டக், டக் என்று காருக்குள் எண்ணிக்கொண்டே வரலாம். இப்போது மெத்தென்ற ஓசை மட்டும் வருகிறது. பக்கவாட்டில் கடற்காற்று அடிக்கும் நாளில், உயரமான வண்டிகள் அசைந்து செல்லும் அதே பாலத்தில் இந்தக் கார் தாழ்வாகவும் கனமாகவும் இருப்பதால் நேராகச் செல்வதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ரன்ஃபிளாட் காரில் பெரும்பாலும் ஸ்டெப்னி சக்கரம் கொடுப்பதில்லை. டயரை மாற்றியதும் டிக்கியில் ஒரு ஸ்டெப்னி, ஜாக்கி, காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கிவிட்டேன். சக்கர நாற்காலியை மடித்து வைக்கும் இடம் பாதியாகிவிட்டது.

உப்பைப் பற்றி நான் அறியாமல் இருந்ததற்கு மன்னிப்பே இல்லை, ஏனெனில் நான் பிறந்து வளர்ந்தது இந்தக் கடற்கரையில். பாம்பன் பகுதி உலகிலேயே இரும்பு மிக விரைவாக அரிக்கப்படும் இடங்களுள் ஒன்று என்று பாலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். அது காருக்கும் பொருந்தும் என்று எண்ணவில்லை. உறவினர்களை அழைத்துக்கொண்டு தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை இரண்டு, மூன்று முறை சென்றேன். இருபுறமும் கடல், காற்றில் மணலும் உப்புத் திவலையும் கலந்து வரும். வீடு திரும்பியதும் காரை நன்றாகக் கழுவுவேன், எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில். அந்தத் தண்ணீரே உப்பு. காய்ந்ததும் கண்ணாடியில் படியும் வெள்ளைத் திட்டு, காரின் அடியிலும் மின் இணைப்புகளிலும் படிந்துகொண்டுதான் இருந்திருக்கும். 2023 மே மாதம் ஏசி கண்டன்சர் அரித்து ஓட்டை விழுந்தது. 46,000 ரூபாய், ஆறு நாட்கள். 2024 ஜனவரியில் ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் காரின் பின்பக்கம் தரையை நோக்கி அமர்ந்திருந்தது. காற்றுப் பையின் ரப்பர் மடிப்பில் மணல் உராய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. கசிவை ஈடுகட்ட இடைவிடாமல் ஓடிய, பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரும் எரிந்துபோயிருந்தது. இரண்டு பைகளும் கம்ப்ரசரும் சேர்த்து 1,86,000 ரூபாய். பாகங்கள் வந்துசேர இருபத்து மூன்று நாட்கள் காத்திருந்தேன். ஒரு மாதம் முன்பே, காரைக் கிளப்பியதும் பின்பக்கத்திலிருந்து வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஒரு முனகல் ஓசை வந்ததை நான் கேட்டிருந்தேன். அப்போதே காட்டியிருந்தால் கம்ப்ரசராவது தப்பியிருக்கும். இப்போது காவிரிக் குடிநீரில் இரண்டு குடம் எடுத்துவைத்துக் கடைசியாக அலசுகிறேன். காரின் அடிப்பாகத்துக்கு மட்டும் ராமநாதபுரத்தில் நல்ல தண்ணீர் வைத்திருக்கும் வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோகிறேன். குடிநீரைக் காருக்குச் செலவிடுவது எங்கள் ஊரில் மனசாட்சியை உறுத்தும் செயல் என்பதால், அரிச்சல்முனைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

மழையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று தங்கச்சிமடத்தில் ஒரு திருமண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தும் காரை எடுக்கவில்லை. தாழ்ந்த கார்களில் எஞ்சினுக்குக் காற்று செல்லும் வாயும் தாழ்வாகவே இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் எஞ்சின் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இல்லாத காப்பீடு பெரும்பாலும் அதற்குப் பணம் தராது.

வாங்கிய விலை, ஆண்டுக் காப்பீடு, வழக்கமான சர்வீஸ், டீசல் ஆகியவற்றை விட்டுவிட்டு, நான் எதிர்பாராமல் செலவழித்ததை மட்டும் கூட்டினால் 3,75,400 ரூபாய். கார் பணிமனையில் கிடந்த நாற்பத்தொரு நாட்களில் நான்கு முறை வாடகைக் காரில் மதுரை சென்றதற்கு 22,000. ஆக 3,97,400. விலைபேசும்போது இந்த நான்கு லட்சத்தைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு மீதிக்கு எந்தக் கார் கிடைக்கும் என்று பார்த்திருந்தால், வயது குறைந்த, ஆவணம் தெளிவான, ஆனால் சற்றுச் சிறிய காரை எடுத்திருப்பேன். அதோடு, முன்பணம் கொடுக்குமுன் மதுரை மெக்கானிக்கைப் போன்ற ஒருவருக்கு ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்து ஸ்கேன் செய்யச் சொல்லியிருப்பேன். வடிகட்டியில் சேர்ந்துள்ள கரியின் அளவையும், கடைசியாக எப்போது சுத்திகரிப்பு முழுமையாக முடிந்தது என்பதையும் அந்தக் கருவியே காட்டிவிடும். காற்றுப் பை கசிகிறதா என்றறிய, இரவு முழுவதும் நிறுத்திவைத்த காரைக் காலையில் கிளப்புமுன் போய்ப் பார்த்து, நான்கு மூலைகளிலும் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை விரலால் அளந்திருப்பேன். டயரின் வகையைக் கேட்டிருப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ரயிலில் ஒருநாள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை என்று உம்மாவை அழைத்துச் சென்று அந்தப் பின்னிருக்கையில் ஏறி இறங்கச் சொல்லியிருப்பேன்.

சென்ற மாதம் பெரியபட்டினத்திலிருந்து மச்சான் முறையுள்ள ஒருவர், இதே போன்ற காரை வாங்கித் தரும்படி கேட்டு வந்தார். தினமும் ராமநாதபுரம் கடைக்குச் சென்று வருவதற்கு என்றார். உங்களுக்கு டீசல் வேண்டாம், பெட்ரோலில் பாருங்கள் என்று சொன்னேன். மாதத்துக்கு இரண்டு முறையாவது திருச்சி, சென்னை என்று நெடுந்தூரம் செல்பவராக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அவர் நம்பாமல், நீங்கள் மட்டும் ஏன் விற்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். உள்ளே இருந்த உம்மாதான் அவருக்குப் பதில் சொன்னார்: “பரமக்குடி தாண்டுனா எனக்குத் தூக்கம் வருதுல்ல, அதான்.” ஊருக்குள் சுற்ற ஒரு பழைய பெட்ரோல் கார் இப்போது வீட்டில் இருக்கிறது. பெரிய கார் மாதத்தில் மூன்று முறை மட்டும் வெளியே வருகிறது. பரமக்குடிக்கு அப்பால் நான்குவழிச் சாலையில் 90இல் வைத்துத் திருப்பாச்சேத்தி வரை நிற்காமல் ஓட்டுகிறேன். மின்விசிறி ஓடும் ஓசை கேட்டால், உம்மா விழித்திருந்தாலும், தேநீர் குடிக்க நிறுத்தாமல் இன்னும் பத்து நிமிடம் போய்விட்டு நிறுத்துகிறேன்.